ஆற்றோரம் போனால் கொக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது, மற்ற பறவைகளை எப்படித் தேடுவது?

நடந்துகொண்டே தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறு நீல மீன்கொத்திக்கு ஆற்றில் இவ்வளவு தூரம் என்னுடையது என்று ஒரு கணக்கு உண்டு. நாம் நெருங்கினால் 'சீ' என்று கத்திவிட்டு நாலு மரம் தள்ளிப் போய் உட்காரும், அங்கேயும் போனால் இன்னும் கொஞ்சம் தள்ளி, எல்லை முடிந்ததும் நம்மைச் சுற்றிக்கொண்டு பழைய கிளைக்கே திரும்பிவிடும். நமக்குத் தெரிந்தது தண்ணீருக்கு மேல் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். அந்த ஒன்றையே மூன்று நான்காக எண்ணி எழுதுபவர்களும் உண்டு!

அதனால் உட்காருங்கள். எனக்குத் தெரிந்தது தாமிரபரணி, அதை வைத்தே சொல்கிறேன். பாபநாசத்துக்குக் கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை கரையில் மருத மரங்கள், நடுவில் பாறைகள், குறுக்கே பழைய அணைக்கட்டுகள். முதலில் பறவையைத் தேடாதீர்கள், எச்சத்தைத் தேடுங்கள். தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையின் அடியிலோ பாறை உச்சியிலோ வெள்ளையாக வழிந்திருந்தால் அங்கே யாரோ தினமும் வந்து உட்காருகிறார்கள். எதிர்க்கரையில் வெயில் முதுகில் படும்படி இடம் பிடித்துவிடுங்கள், ஆட்கள் குளிக்க வருவதற்கு முன்னாலேயே.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி வந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், உடம்பு ஆடும், தலை மட்டும் அசையாது, அலகு நேர் கீழே. சட்டென்று விழுந்து மீனோடு எழும், பாறையில் இரண்டு மூன்று அடி அடித்து, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியை ஆற்றுப் பறவை என்று நான் சொல்லமாட்டேன், அது வெட்டுக்கிளி, ஓணான் கிடைத்தாலே போதும் என்று வயலோரத்தில் காலம் தள்ளிவிடும்.

பாறைகளுக்கு நடுவே ஏதாவது ஆடினால் பெரும்பாலும் வால்தான். வெண்புருவ வாலாட்டி வருஷம் முழுக்க இருக்கும். அடிப்பக்கம் மஞ்சளாக இருக்கும் சாம்பல் வாலாட்டி குளிர்காலத்து விருந்தாளி, மலை ஓடைகளில்தான் அதிகம். பாலத்தின் அடியையும் எட்டிப் பாருங்கள், கம்பிவால் தகைவிலான் சேற்றால் கூடு கட்டியிருக்கும்.

தண்ணீர் இரைச்சலில் காது உதவாது என்பார்கள், சீகாரப் பூங்குருவிக்கு அது பொருந்தாது. மலையோர ஓடைகளில் விடியற்காலையில் யாரோ விசிலடித்துக்கொண்டு போவது போலவே பாடும். ஆனால் பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், நினைத்த ஓடையில் எல்லாம் இறங்க முடியாது. வீடியோக்களில் பார்க்கிற, ஓடைக்குள் முங்கி நடக்கும் டிப்பர் என்கிற பறவையைத் தென்னிந்தியாவில் தேடாதீர்கள், அதற்கு இமயமலைக்குத்தான் போகணும்.

மழைக்காலக் கலங்கல் வடிந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் மீன் தெரியாது, மீன்கொத்தியும் அங்கே நிற்காது.

மண்கரையில் கையளவு பொந்து இருந்து, வாயில் மீனை வைத்துக்கொண்டு ஒரு மீன்கொத்தி கிளையிலேயே நின்றால், உள்ளே குஞ்சு இருக்கிறது, நீங்கள் வழியில் நிற்கிறீர்கள். போட்டோ அப்புறம், முதலில் எழுந்து தள்ளிப் போய்விடுங்கள்.