படுக்கையறைச் சுவர் பொரிகிறதா? டைல்ஸ் கடைக்குக் கொஞ்சம் பொறுத்துப் போகலாம்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் வீடு 1950களில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், மேலே மெட்ராஸ் ஒட்டு, அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை. பின்பக்கத் தாழ்வாரத்தை அடைத்து அப்பா காலத்தில் 5க்கு 7 அடியில் ஒரு பாத்ரூம் கட்டினார்கள். அதை ஒட்டிய படுக்கையறைச் சுவர் மூன்றடி உயரத்துக்குப் பொரிந்து உப்பு பூக்கிறது. ஒரு காண்ட்ராக்டர், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி, சுவரில் ஊசி போட்டு கெமிக்கல் ஏற்றினால் போதும், 10 வருஷம் வாரண்டி என்கிறார். எனக்குக் கைவேலை ஓரளவு தெரியும். புரட்டாசியில் 10 நாள் லீவு இருக்கிறது. நானே செய்து முடித்துவிட முடியுமா?

பதில்: பாதி வேலை நீங்களே செய்யலாம். ஆனால் காண்ட்ராக்டர் சொன்ன வழியில் வேண்டாம், அந்த 10 நாளிலும் முடியாது.

உங்கள் பிரச்சினை தண்ணீர். டைல்ஸ் அப்புறம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விலை சொன்னவரை நான் நம்பமாட்டேன். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் என்பது, தளத்துக்கு அடியில் ஓடும் கசிவின் மேல் இன்னொரு மூடி போடுவதுதான். தரை உயர்ந்து, பாத்ரூம் தண்ணீர் வாசல் வழியாக அறைக்குள் வரும், அது தனி. ஊசி போடுவது கான்கிரீட்டில் உள்ள விரிசலுக்குச் சரி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்குள் எங்கே எவ்வளவு இறங்கியது என்று போடுகிறவருக்கே தெரியாது. அவர் கணக்கில் தெரிவதெல்லாம் எத்தனை துளை, ஒரு துளைக்கு எவ்வளவு ரேட் என்பதுதான்.

முதலில் செலவில்லாத சோதனைகள். பொரிந்த இடத்தைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியையும் அடைத்துவிட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், டாய்லெட் ஃப்ளஷ் ஒழுகவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மட்டம் இறங்கவில்லையா, ஒரு வாரம் அந்த பாத்ரூமில் குளிக்காமல் கொல்லைப் பக்கம் குளியுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஒரு வாரத்தில் காயாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டாமல் நின்று, மறுபடி குளிக்க ஆரம்பித்ததும் தாண்டினால் தரையோ கழிவுநீர்க் குழாயோ கசிகிறது. இரண்டில் எது என்று பிரிக்க, வெளியே சேம்பரில் (கழிவுக் குழாய் வந்து சேரும் சின்னத் தொட்டி) குழாய் வாயைத் துணிப்பந்து வைத்து இறுக்கி அடைத்து, உள்ளே நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) வரை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் குழாய்தான் குற்றவாளி. அந்தக் காலத்து வீடுகளில் பழுப்பு நிற மெருகு மண் குழாய்தான் போட்டிருப்பார்கள். குழாய் கல் மாதிரி இருக்கும், இணைப்பில் வைத்த சிமெண்ட் விட்டிருக்கும்.

பாத்ரூமுக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற சுவர்களிலும் அதே இரண்டு மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்திருந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம், அதாவது ஈரக்கசிவு. காவிரிக் கரை ஊர்களில் இது சகஜம். அப்போது பாத்ரூமை எவ்வளவு பிரமாதமாகக் கட்டினாலும் அந்தச் சுவர் பொரிந்துகொண்டுதான் இருக்கும்.

பாத்ரூம்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸைப் பெயர்ப்பது உங்கள் வேலை. உளியும் சுத்தியலும் போதும், பெரிய பிரேக்கர் மெஷின் வாடகைக்கு எடுக்காதீர்கள், அதன் அதிர்ச்சியில் பழைய சாந்து செங்கலை விட்டுவிடும். குழாய்க்காகச் சுவரில் குறுக்கே நீளமாகக் காடி வெட்டவும் வேண்டாம், குழாய் வெளியே தெரிந்தால் தெரியட்டும். வெந்நீருக்கு சிபிவிசி, அதாவது சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

கழிவுக் குழாய் மாற்றுவதும் தரைக்கு வாட்டம் கொடுப்பதும் அனுபவமுள்ள கொத்தனார் வேலை. அவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் ரசமட்டத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம். தரைக்கு உங்கள் 7 அடி நீளத்துக்கு ஒரு அங்குலம். நானி ட்ராப் வாசலுக்கு எதிர் மூலையில் இருக்கட்டும். முடிந்த தரை, அறைத் தரையைவிட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

அடுத்து நீங்களே செய்யக்கூடிய, நீங்களே செய்தால்தான் ஒழுங்காக நடக்கும் வேலை: வாட்டர் ப்ரூஃப் பூச்சு. கொத்தனார் ஒரு டப்பா திரவத்தைச் சாந்தில் கலந்துவிட்டு "வாட்டர் ப்ரூஃப் ஆச்சு சார்" என்பார். அது சாந்துக்கு உதவும், அவ்வளவுதான், அது தனிப் பூச்சு ஆகாது. பவுடரும் திரவமும் தனித்தனியாக வரும் இரண்டு பாக பாலிமர் பூச்சு வாங்குங்கள். மூலைகளைச் சாந்தால் உருட்டி மெழுகி, குழாய் வெளியே வரும் இடங்களில் ஃபைபர் வலை ஒட்டி, தரையை லேசாக நனைத்துவிட்டு பிரஷால் ஒரு கோட். அது காய்ந்தபின் குறுக்குவாட்டில் இன்னொரு கோட். சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி. பையில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி காயவிட்டு, ட்ராப்பை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்துங்கள், 48 என்றால் இன்னும் நல்லது. இந்த ஒரு நாளைத்தான் எல்லாக் காண்ட்ராக்டரும் விழுங்குகிறார்கள், ஏனென்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். உங்கள் பாத்ரூம் தரைத்தளம், அதனால் தண்ணீர் கட்டச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு, மெட்ராஸ் ஒட்டு போட்ட வீட்டின் மாடியில், மர உத்தரத்தின் மேல் பாத்ரூம் வைத்திருக்கிறவர்கள் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். 35 சதுர அடியில் ஒரு அங்குலத் தண்ணீர் 80 கிலோவுக்கு மேல். அதைவிட மோசம், வாட்டத்துக்காக மூன்று அங்குலம் புது கான்கிரீட் போட்டால் அரை டன் கூடுகிறது. அந்த உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும், ஈரம் முதலில் அங்கேதான் அரிக்கும், வெளியே பார்த்தால் மரம் கிண்ணென்று இருக்கும். கீழே நின்று, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அன்றோடு அந்த பாத்ரூமைப் பூட்டிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். இறங்காவிட்டாலும் கூப்பிடுங்கள். மேஸ்திரி "நான் பார்த்துக்கறேன்" என்றால் கேட்காதீர்கள். நான் மாடி பாத்ரூமைக் கீழே கொண்டுவந்துவிடத்தான் சொல்வேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டைல்ஸ் ஒட்டும்போது நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு உருண்டை சாந்து வைத்து அமுக்குவார்கள். இடையில் காலியாக நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்டில் பிடிக்காது. அதற்கு ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண் பையில் அச்சடித்த அட்ஹெசிவை (டைல்ஸ் ஒட்டும் பசை) பல்லுக் கரணையால் முழுக்க இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ், அதுவும் சின்னதாக, அப்போதுதான் வாட்டம் வரும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை இந்தச் சின்ன இடத்தில் போடச் சொல்லுகிற மேஸ்திரிக்குக் கடையில் கமிஷன் இருக்கிறது. "நம்ம கடையிலயே வாங்கிக்கலாம்" என்பவரிடம் சரி சரி என்றுவிட்டுத் தனியாகப் போய் விலை கேளுங்கள்.

வாரண்டி பற்றிக் கேட்கிறீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாத வாரண்டி வெறும் பேச்சு. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, நல்ல சட்டம்தான், ஆனால் பில்லே தராதவரை எதை வைத்துப் பிடிப்பீர்கள்? பிடித்தாலும் வாய்தா வாய்தாவாக அலைவதற்குள் சுவர் இன்னொரு மழைக்காலம் பார்த்துவிடும். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தடிதடியாக விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒரு தனி வீட்டு பாத்ரூமை வந்து எட்டிப் பார்க்க ஒரு ஆள் கிடையாது.

படுக்கையறைப் பக்கம் சிமெண்ட் பூச்சு, புட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட் மூன்றும் கூடாது. பொரிந்ததை முழுக்கச் சுரண்டி, ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தே பூசி சுண்ணாம்பே அடியுங்கள். சுவர் மூச்சு விட ஒரு பக்கமாவது வேண்டும்.

கீசர் வயரிங்கில் நீங்கள் கை வைக்க வேண்டாம். பழைய வீட்டில் எர்த் இருக்கிறதா என்றே தெரியாது. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகு கீசரை மாட்டுங்கள். செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க நேர்ந்தால் நீங்கள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட. கூலிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று வரும் ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிட்டு லாரி வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு. புரட்டாசியில் பெயர்த்துப் போட்டால் ஐப்பசி மழை திறந்த சுவரில் இறங்கும். இந்த லீவில் சோதனைகளை முடித்து, பொருள் விலை விசாரித்து வையுங்கள். தை பிறந்ததும் உடைக்கலாம். குழாய், வாட்டம், பூச்சு, தண்ணீர் கட்டுவது, டைல்ஸ் எல்லாம் சேர்த்து, காயவிடும் நாளையும் கணக்கில் வைத்தால் மூன்று வாரம் ஆகும். அதுவரை கொல்லைக் குளியல்தான்.