துத்தநாகம் கறுத்தது, எல்.இ.டி. எரியவில்லை: ஏன்?

கேள்வி: மகளின் அறிவியல் செய்முறைக்காக ஒரே முகவையில் காப்பர் சல்பேட் கரைசலை ஊற்றி, துத்தநாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் அதில் நிறுத்தி, ஒயர் மூலம் சிவப்பு எல்.இ.டி.யோடு இணைத்தேன். எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் துத்தநாகத் தகடு கறுத்துவிட்டது. பாடப்புத்தகப் படத்தில் இரண்டு முகவைகளும் நடுவே உப்புப் பாலமும் இருக்கின்றன. அது இல்லாததுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம் அதுதான். மீதி எல்.இ.டி.யில் இருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பைக் கவனியுங்கள். கையுறை போட்டுத் தேய்த்தால் செம்பழுப்புத் தூளாக உதிரும். கரைசலில் இருந்த செம்புதான் அப்படி வந்து ஒட்டியிருக்கிறது. துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலில் இறங்குகிறது. இது ஆக்சிஜனேற்றம். (பெயரில்தான் ஆக்சிஜன், இங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை.) அந்த இரண்டையும் ஒரு செம்பு அயனி வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. இது ஒடுக்கம். உங்கள் முகவையில் கொடுப்பவரும் வாங்குபவரும் உரசிக்கொண்டு நிற்கிறார்கள், கைமாற்று தகட்டின் மேலேயே முடிந்துவிடுகிறது. வரவேண்டிய ஆற்றல் வெறும் சூடாகப் போகிறது. ஒயரைச் சுற்றிக்கொண்டு போக எலக்ட்ரானுக்கு என்ன தலையெழுத்து?

அதனால்தான் இரண்டையும் பிரிக்கிறோம். துத்தநாகத்தைத் துத்தநாக சல்பேட்டிலும் செம்பைக் காப்பர் சல்பேட்டிலும் தனித்தனியாக வைத்தால், எலக்ட்ரானுக்கு ஒயர் ஒன்றுதான் வழி. 1836இல் ஆங்கில வேதியியலாளர் டேனியல் செய்த மின்கலத்தின் சூட்சுமம் இதுதான். வினை அதேதான், நாம் செய்வது அதைச் சுற்றுவழியில் அனுப்புவது மட்டும்.

சரி, பாலம் எதற்கு? துத்தநாகம் கரையக் கரைய அந்தப் பக்கம் நேர் அயனிகள் பெருகும். மறுபக்கம் செம்பு படியப் படிய சல்பேட் மிஞ்சி நிற்கும். இந்த மின்சுமை ஏற்றத்தாழ்வு துளி வந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். பாலத்தில் பொட்டாசியம் நைட்ரேட் இருந்தால், நைட்ரேட் துத்தநாகப் பக்கமும் பொட்டாசியம் செம்புப் பக்கமும் போய்ச் சரிக்கட்டும். எலக்ட்ரான் பாலத்தைக் கடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாலத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாள் பட்டையே போதும். அதை வெளியே எடுத்தால் மல்டிமீட்டரில் எண் சரியும், திரும்ப வைத்தால் ஏறும். இதை மகளையே செய்யச் சொல்லுங்கள், பத்துப் பக்கம் படிப்பதைவிட நன்றாகப் பதியும்.

அடுத்து எல்.இ.டி. ஓர் உலோகம் எலக்ட்ரானை எவ்வளவு இழுக்கிறது என்பதைக் காட்டும் அளவு திட்ட மின்வாய் அழுத்தம். அது துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76 வோல்ட், செம்புக்கு பிளஸ் 0.34 வோல்ட். இடைவெளி 1.10 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். ஒரு கலத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் எரியாது. தகட்டைப் பெரிதாக்கினால் மின்னோட்டம் கூடும், வோல்ட் கூடாது. இரண்டு கலத்தைத் தொடராக இணைத்தால் கணக்குப்படி 2.2 வரும். ஆனால் வடிதாள் பாலத்தின் மின்தடை பெரிது, மின்னோட்டம் எடுத்ததும் வோல்ட் இறங்கிவிடும். மூன்று கலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் கடைசிச் செம்புத் தகட்டோடு சேரவேண்டும்.

இங்கே தமிழ்வழி மாணவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஆக்சிஜனேற்றம் நடக்கும் ஆனோடைப் பாடநூலில் நேர்மின்வாய் என்கிறார்கள். ஆனால் இந்தக் கலத்தில் ஆனோடாக இருக்கும் துத்தநாகம்தான் மைனஸ் முனை. என்னைக் கேட்டால் ஆனோடு, (ஒடுக்கம் நடக்கும் முனையை) கேத்தோடு என்றே சொல்லிவிடுவது நல்லது.

கறுத்த தகட்டைத் தூக்கி எறியவேண்டாம். உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்துக் கழுவினால் போதும். ஒரு மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் கரைவது சுமார் 1.2 மில்லிகிராம் துத்தநாகம்தான். காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், நச்சு. சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், முடிந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டியும் எரியாவிட்டால் ஒவ்வொரு கலத்தையும் தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு வெகுகீழே காட்டினால், பெரும்பாலும் அதன் பாலம் காய்ந்திருக்கும்.