தொழில்முறை பாடிபில்டர்கள் தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், தினமும் 3 மணி நேரம் ஜிம்மில் இருந்தும் ஓராண்டாக உடலில் மாற்றமே தெரியவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். சாம்பியன்கள் 5, 6 மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொல்வது உண்மையா, அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். கோவையில் ஜிம் பயிற்சியாளராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பொதுப்படையாகப் பேசுவதைவிட, நான் அதிகம் படித்தும் பார்த்தும் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டு பதில் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். அவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த டோரியன் யேட்ஸ். தொழில்முறை பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் 1992 முதல் 1997 வரை தொடர்ந்து 6 முறை பட்டம் வென்ற அவர், உச்சத்தில் இருந்த காலத்தில் எடைப் பயிற்சிக்குச் செலவிட்டது வாரத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரம்தான்.

1962இல் பிறந்த யேட்ஸ் சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 1981இல் பர்மிங்காமில் கலவரம் நடந்தபோது கைதாகி, இளங்குற்றவாளிகளுக்கான காவல் இல்லத்தில் சில மாதங்கள் இருந்தார். அங்கிருந்த மற்ற இளைஞர்களைவிடத் தன் உடல் வலுவானது என்பது அங்கே நடந்த உடற்பயிற்சி வகுப்புகளில்தான் அவருக்குத் தெரியவந்தது. முறையான பயிற்சியைத் தொடங்கியது 1983இல், 21 வயதில். இந்தத் துறையில் அது சீக்கிரமான தொடக்கம் அல்ல. ஆனால் அவர் இரும்பைத் தொடுவதற்கு முன்பே நிறையப் படித்திருந்தார். நாட்டிலஸ் என்ற உடற்பயிற்சி இயந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ், அவருடைய கருத்துகளைத் தன் வழியில் வளர்த்தெடுத்த பாடிபில்டர் மைக் மென்ட்சர் ஆகிய இருவரின் எழுத்துகளே அவருக்கு அடிப்படையாக அமைந்தன. தசை வளர்வதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். அது கிடைத்துவிட்ட பிறகு செய்யும் ஒவ்வொரு கூடுதல் செட்டும் (இடைவிடாமல் பல முறை எடை தூக்கும் ஒரு சுற்று), உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றலைத்தான் தின்னும் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். வெந்த சோற்றை மேலும் அடுப்பிலேயே வைத்திருப்பது போன்றது அது.

இதைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யேட்ஸ் அவர்களிடமிருந்து விலகி நின்றது ஒரு குறிப்பேட்டால் என்றே நான் சொல்வேன். பயிற்சியைத் தொடங்கிய நாட்களிலிருந்தே எந்தப் பயிற்சியில் எவ்வளவு எடை, ஒரு செட்டில் எத்தனை ரெப் (எத்தனை முறை தூக்கினார்) என்பதை எழுதி வைத்தார். மேடையில் அவரைப் பார்த்தவர்கள் அந்த உடலைப் பிறவி வரமாக நினைத்தார்கள். மரபு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பல ஆண்டுப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்து, எந்த மாற்றத்துக்குப் பிறகு எடை கூடியது, எந்தக் கட்டத்தில் தேங்கியது என்று கணக்குப் பார்க்கும் பொறுமை மரபில் வருவதில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு பயிற்சிக்கும் முழு வலுவுடன் 2 செட் செய்துகொண்டிருந்தவர், 1990களின் தொடக்கத்தில் அதை ஒன்றாகக் குறைத்தார். வளர்ச்சி தேங்கும்போது செட்டைக் கூட்டுவதுதான் எல்லா ஜிம்மிலும் வழக்கம். அவர் குறைத்தார்.

அந்த ஒரு செட் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஒரே செட் போதுமாம்’ என்று பேசுவதில் பொருளில்லை. 1990களின் நடுப்பகுதியில் அவருடைய டெம்பிள் ஜிம்மில் படமாக்கப்பட்ட பயிற்சிக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. பர்மிங்காமின் ஒரு தெருவில், படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டிய நிலவறை அது. அலங்காரம் எதுவும் கிடையாது. முதுகுப் பயிற்சி நாளில் அவர் புல்ஓவர் இயந்திரத்தில்தான் தொடங்குவார். மற்ற இழுப்புப் பயிற்சிகளில் முதுகு களைப்பதற்கு முன்பே கை களைத்துவிடும். புல்ஓவரில் முழங்கையால் தள்ளுவதால் சுமை நேராக முதுகின் அகன்ற தசைக்குப் போகும். பிறகு புல்டவுன், பார்பெல் ரோ, ஒற்றைக் கை ரோ என்று மற்ற இழுப்புப் பயிற்சிகளுக்குப் போய், கடைசியில்தான் தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் வரும். முதுகு முன்பே களைத்திருப்பதால் குறைந்த எடையே போதும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பயிற்சியிலும் ஓரிரண்டு செட் உடலைச் சூடேற்றுவதற்காக. அதன் பிறகு ஒரே ஒரு உண்மையான செட். ஆறு முதல் பத்து ரெப்புக்குள், இனி ஒரு அங்குலம்கூட நகராது என்ற நிலை வரும். அப்போது உடன் பயிற்சி செய்யும் லிராய் டேவிஸ் விரல் நுனியால் கம்பிக்குச் சற்றே கை கொடுப்பார். அந்த உதவியுடன் இன்னும் ஓரிரு ரெப் நடக்கும். எடையை இறக்கும்போதும் அதைத் தொப்பென்று விடாமல், எதிர்த்துப் பிடித்தபடி மெதுவாக இறக்குவார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாரத்தில் இப்படி 4 நாட்கள். தோளும் ட்ரைசெப்ஸும் (மேற்கையின் பின்புறத் தசை) ஒரு நாள், முதுகு ஒரு நாள், மார்பும் பைசெப்ஸும் (மேற்கையின் முன்புறத் தசை) ஒரு நாள், கால் ஒரு நாள்.

மீதி நேரம் முழுவதும் அந்த 4 மணி நேரத்துக்காகவே நடத்தப்பட்ட வாழ்க்கை. மணி பார்த்துச் சாப்பாடு, மணி பார்த்துத் தூக்கம், போட்டிக்கு முந்தைய மாதங்களில் கொழுப்பைக் குறைக்க நடை போன்ற மிதமான கார்டியோ. அக்காலத்தில் தொழில்முறையாளர்கள் கலிபோர்னியாவில் குடியேறுவதே நடைமுறை. பத்திரிகைகளும் விளம்பர நிறுவனங்களும் அங்கேதான் இருந்தன. பாடிபில்டிங் பத்திரிகைகளை நடத்திய ஜோ வைடரின் ஒப்பந்தம் கிடைத்த பிறகும் யேட்ஸ் பர்மிங்காமை விட்டு நகரவில்லை. போட்டிக்கு வருவார், வென்று திரும்புவார், அடுத்த ஆண்டுவரை கண்ணில் படமாட்டார்; இதனால்தான் அவருக்கு ‘நிழல்’ என்ற பட்டப்பெயர் வந்தது. 1993 போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் டெம்பிள் ஜிம்மில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வெளியானபோது, அவரைத் தோற்கடிக்கலாம் என்று தயாராகிக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்த ஆண்டு அட்லாண்டாவில் அவர் மேடையேறிய எடை 257 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 117 கிலோ. உயரமோ 5 அடி 10 அங்குலம். அவ்வளவு பருமனும் கொழுப்பு வற்றி அவ்வளவு வறண்ட தசையும் ஒரே உடலில் அமையும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய உடல்களுக்கான போட்டியாக அந்த மேடை மாறியது அவரிலிருந்துதான் என்பார்கள். அழகியல் பார்வையில் அது நல்ல மாற்றமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஊக்கமருந்தைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. தான் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை யேட்ஸே பிற்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1990இல் நியூயார்க்கில் நடந்த ‘நைட் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டியில் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய முகமது பெனஸிஸா, 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டியில் வென்ற கையோடு, உடலின் நீர்ச்சத்து வற்றியதால் இறந்துபோனார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996இல் 31 வயதில் உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்தார். ஊசி போடலாமா என்று என்னிடம் கேட்கும் 19 வயதுப் பையன்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சொல்கிறேன். நம் ஊர் ஆணழகன் போட்டிகளில் கிடைக்கும் பரிசுத் தொகை தயாரிப்புக் காலத்து முட்டைச் செலவுக்கே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உலக அளவிலும் பரிசுப் பணத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். ஒப்பந்தம், விருந்தினராக மேடையேறுவது, பயிற்சி வகுப்பு, சொந்த ஜிம் என்று பல வழிகளில் சேர்வதுதான் வருமானம்.

காயங்களின் கதை தனி. 1994இல் போட்டிக்கான தயாரிப்பின்போது, உள்ளங்கை மேல்நோக்கிய பிடியில் பார்பெல் ரோ செய்கையில் இடது பைசெப்ஸ் கிழிந்தது. அந்தப் பிடியில் முதுகு இழுக்கும் எடையின் பெரும்பகுதி, விரிந்த நிலையில் இருக்கும் பைசெப்ஸின் தசைநாணிலும் தொங்கும். பெரிய எடையில் அது ஆபத்தான நிலை. அந்தக் கையோடுதான் அவ்வாண்டு ஒலிம்பியாவை வென்றார். 1997இல் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது ட்ரைசெப்ஸ் கிழிந்தது. அப்போதும் வென்றார், ஆனால் அதுவே கடைசிப் போட்டியாக அமைந்தது. ‘குறைந்த செட், அதிகத் தீவிரம்’ என்ற முறையே காயத்துக்குக் காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து சற்று வேறு. சாப்பாட்டைக் குறைத்து, கொழுப்பு வற்றி, உடல் மீளும் திறன் குன்றியிருக்கும் அந்தக் கடைசி வாரங்களிலும், எடையைச் சிறிதும் குறைக்காமல் அதே எல்லைவரை போனதுதான் பிழை. செட்களைக் குறைக்கத் தெரிந்தவர், குறைக்க வேண்டிய நேரத்தில் எடையைக் குறைக்கவில்லை.

யேட்ஸின் முறைதான் ஒரே வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குப் பின் 1998 முதல் 2005 வரை 8 முறை அதே பட்டத்தை வென்ற ரோனி கோல்மன் முற்றிலும் மாறானவர். கணக்கியல் பட்டதாரியான அவர், டெக்சாஸின் ஆர்லிங்டனில் காவலராக வேலை பார்த்துக்கொண்டே, மெட்ரோஃபிளெக்ஸ் ஜிம்மில் வாரத்துக்கு 6 நாட்கள், ஒவ்வொரு தசைக்கும் இரண்டு முறை, பல செட்களாகப் பயிற்சி செய்தார். 800 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 363 கிலோ எடையைத் தோளில் வைத்து அவர் 2 ரெப் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும் காணொளியைப் பார்க்காத ஜிம் பையன் இருக்க முடியாது. அதே மனிதர் முதுகிலும் இடுப்பிலும் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஊன்றுகோலின் துணையுடன் நடக்கும் நிலைக்கு வந்தார் என்பது அந்தப் பையன்களில் பலருக்குத் தெரியாது. நேர அட்டவணையில் இவ்வளவு முரண்பட்ட இருவருக்கும் பொதுவானது, ஒரு சில அடிப்படைப் பயிற்சிகளில் ஆண்டுக்கணக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போனது.

உங்கள் 3 மணி நேரத்துக்கு வருகிறேன். அதில் இளைப்பாறுவதும் அலைபேசியும் போக எத்தனை செட் கடைசி ரெப்புவரை கடினமாக இருந்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். யேட்ஸின் பயிற்சியை அப்படியே நகலெடுக்க வேண்டாம்; கம்பி நகராத எல்லைவரை போவதைத் தாங்கும் மூட்டும் தசைநாணும் முதல் இரண்டு ஆண்டுகளில் உருவாகியிருக்காது. என்னிடம் வரும் புதியவர்களுக்கு நான் தருவது வாரத்தில் 3 நாட்கள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்; ஸ்குவாட், ரோ, பெஞ்ச் பிரஸ், தோள் பிரஸ், தண்டால் போன்ற சிலவற்றோடு சரி. எல்லைவரை போவதானால் இயந்திரப் பயிற்சிகளின் கடைசி செட்டில் மட்டும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, எடை, ரெப் மூன்றையும் எழுதுங்கள். ஏதாவது ஒரு பயிற்சியில் 6 வாரம் எண் மாறாமல் நின்றால், செட்டைக் கூட்டுவதற்கு முன் அந்த வாரங்களில் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், மூன்று வேளையும் சரியாகச் சாப்பிட்டீர்களா என்பதைப் பாருங்கள். அதையும் அதே நோட்டில் எழுதி வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.