40 கேஸ் போதும்

அன்புள்ள அண்ணனுக்கு,

17 வருடமாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் டைரக்டர் பதவிக்கு அடுத்த மாதம் நேர்காணல். லீவு போட்டுவிட்டு ஆயா வீட்டு வளவில் உட்கார்ந்து கேஸ் (ஒரு கம்பெனியின் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் நேர்காணல் கேள்வி) போட்டுப் பார்க்கிறேன். 40 முடிந்துவிட்டது, பயம் போகவில்லை. இன்னும் என்ன செய்யட்டும்?

மெ., கானாடுகாத்தான்

அன்புள்ள மெ.,

40 போதும், புத்தகத்தை மூடிவிடுங்கள். டைரக்டருக்கும் சில இடங்களில் கேஸ் கேட்பார்கள்தான். ஆனால் அச்சடித்த கேஸ் இனி உதவாது. ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். டைல்ஸ் பட்டறையில் கண்ணாடிமேல் சட்டம் வைத்துக் கலர் ஊற்றுவதைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு அப்புறம் நடப்பதைப் பாருங்கள். சூளை கிடையாது, சிமென்ட் இறுகத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வேண்டும். ஆர்டர் இரண்டு மடங்கானால் ஆள் சேர்ப்பதா, தொட்டி கட்டுவதா? முதலாளி ஆள்தான் என்று நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிதான் என்று அவர் மனம் கோணாமல், ஆனால் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் மட்டத்தில், நேர்காணல் எடுக்கும் பார்ட்னர்கள் (நிறுவனத்தின் பங்குதாரர்கள்) கவனிப்பது இதை.

அடுத்தது உங்கள் கதை. நான் ஒருமுறை இப்படியொரு நேர்காணலில் அரைமணி நேரம் ‘நாங்கள் செய்தோம், நாங்கள் மிச்சப்படுத்தினோம்’ என்றே பேசினேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, “சரி, அதுல நீங்க என்ன செஞ்சீங்க?” என்றார். ‘நான்’ என்றால் திமிர் என்று வளர்ந்தவன், திணறிப்போனேன். வேலை கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் செட்டியார் முதலாளிக்காக வட்டிக்கடை நடத்த பர்மா போன ஏஜெண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பினால் கணக்கு ஒப்பிக்க வேண்டும். வராத கடனும் ஐந்தொகையில் (சொத்து, கடன் எல்லாம் காட்டும் கணக்கில்) ஏறும். அப்படி ஒன்று உங்களுக்கும் எழுதுங்கள். நான்கு வேலைகள் போதும், ஒவ்வொன்றுக்கும்: நீங்களே எடுத்த முடிவு, மிச்சமான ரூபாய், கவிழ்ந்தது எது. கவிழ்ந்ததைத்தான் தோண்டுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, ப்ராஜெக்டை யார் பிடித்து வருவது என்பது. தொழிற்சாலையிலிருந்து போகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உங்கள் போனை எடுக்கக்கூடிய ஐந்து முதலாளிகளை எண்ணிப் பாருங்கள். அதற்காக இப்போதைய கம்பெனியின் ரகசியத்தைக் கொட்டிவிடாதீர்கள். நாளைக்கு நம்முடையதையும் கொட்டுவார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். முதல் வருடம் எத்தனை ரூபாய்க்கு வேலை பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் ஆறப்போடுங்கள்.