முதல் படத்துக்காக மூன்றாவது முறை கடன் வாங்கலாமா?

கேள்வி: சாலிகிராமத்தில் இருக்கிறேன், வயது 29. உதவி இயக்குநராக இருந்தவன். இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங்கில் மாதம் 42,000 ரூபாய் வருகிறது. நண்பர்களோடு சேர்ந்து முதல் படத்தை எடுத்து, எடிட்டும் முடித்துவிட்டேன். அதற்காக வாங்கிய 5 லட்சம் பெர்சனல் லோனை, போன வருடம் டாப்-அப் (அதே லோன் மேல் கூடுதல் கடன்) போட்டு 8 லட்சமாக்கினேன் (16% வட்டி, 5 வருடம்). அம்மாவின் 12 பவுனும் அடகில் இருக்கிறது. அதற்கு மாதம் 2,800 வட்டி. டிஐ (படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலை), சவுண்ட் மிக்ஸிங்குக்கு இன்னும் 3 லட்சம் வேண்டும். வங்கி மறுபடி டாப்-அப் தரத் தயார். ஓடிடியில் விற்றதும் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். அதுவரை இஎம்ஐ கட்ட பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்யச் சொல்கிறார் மாமா மகன். என்ன செய்யலாம்?

பதில்: டாப்-அப் வாங்காதீர்கள். படம் எடுத்ததில் தப்பே இல்லை. சொந்தப் பொறுப்பில் ஒரு முழுப் படத்தை எடிட் வரை கொண்டுவருவது லேசான காரியமல்ல. ஆனால் பணம் முட்டும்போதெல்லாம் டாப்-அப் போடுகிறீர்களே, அதுதான் உங்களை அமுக்குகிறது. நீங்கள் இஎம்ஐ தவறாமல் கட்டுகிறீர்கள் என்பதால்தான் வங்கி கூப்பிட்டுக் கொடுக்கிறது. படம் விற்குமா என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

8 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 19,450. ஒரு வருடத்தில் 2.33 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் கழிந்தது 1.14 லட்சம்தான், மீதி வட்டிக்குப் போனது. பாக்கி 6.86 லட்சம். இதோடு 3 லட்சம் சேர்ந்தால் மறுபடி முதல் மாதத்திலிருந்து 5 வருடம், இஎம்ஐ ஏறக்குறைய 24,000. நகை வட்டியையும் கழித்தால் கையில் 15,000 நிற்கும். வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அதற்குள்தான். அப்புறம் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியதுதான்.

ஓடிடியை நம்பி தேதி குறிக்காதீர்கள். ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரித்த படம் அது. அப்படியிருந்தும் சோனி லிவில் வந்தது 2023 அக்டோபரில்தான். அதே 32 மாதம் உங்களுக்கும் ஆனால், இஎம்ஐ மட்டும் 7.68 லட்சம்.

உங்கள் படத்தை இப்போதிருக்கும் நிலையிலேயே வெளியே காட்ட முடியும். கோவாவில் நவம்பரில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் திரைப்படச் சந்தையான ஃபிலிம் பஜாரின் ‘ஒர்க் இன் பிராகிரஸ்’ லேப், ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) நிலையில் இருக்கும் படங்களுக்கானதுதான். டிஐ வேலையையே பரிசாகக் கொடுப்பதும் அங்கே உண்டு. விழாக்களுக்கு அனுப்பும்போது கட்டண விலக்கு கேட்டு ஒரு மெயில் போடுங்கள், கூச்சப்படாதீர்கள். டிஐ செய்யும் தெரிந்த கலரிஸ்டிடம் பாதிப் பணத்தைப் படம் விற்றபின் தருவதாகப் பேசிப் பாருங்கள். பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நண்பராக இருந்தாலும் சரி.

ஆப்ஷன் டிரேடிங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஆப்ஷனும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-இல் அறிக்கை விட்டது. இஎம்ஐ பணத்தோடு அங்கே போகிறவருக்குப் பொறுத்திருக்கவும் வழி கிடையாது.

முகூர்த்த சீசனில் கூடுதலாக வரும் பணத்தை பெர்சனல் லோன் அசலில் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்டினால் கட்டணம் உண்டா என்று முதலில் வங்கியில் கேட்டுவிடுங்கள். நகைக்கடனுக்கு இப்போதைக்கு வட்டி போதும், ஆனால் ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. புதுப்பிக்கும் தேதியை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.