பேநவ் நம்பரைக் கொடுத்தா காசை உருவிடுவாங்களா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூன்ல வீட்லயே முறுக்கு, அதிரசம் போட்டு விக்கிறேன். இப்பல்லாம் "பேநவ் பண்றேன்கா, நம்பர் குடுங்க"ங்கறாங்க (ஃபோன் நம்பரை வச்சே பேங்க் அக்கவுண்ட்டுக்குக் காசு அனுப்பறது). சேமிப்பு 40,000 வெள்ளியும் அந்த ஒரே அக்கவுண்ட்லதான் கெடக்கு. எவனாவது உருவிடுவானோன்னு பயம். கேஷ் மட்டும்னு சொன்னா ஆர்டர் கைவிட்டுப் போகுது. என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, நம்பரைத் தாராளமா குடுங்க. 2017லருந்து ஓடிட்டிருக்க பேநவ்ல அனுப்பறவங்கதான் காசைத் தள்ளணும், உங்க நம்பரை வச்சு யாரும் இழுக்க முடியாது. காசு போறதெல்லாம் லிங்க்கை அமுக்கி, தெரியாத ஆப்பை எறக்கி, ஓடிபிய வாய்விட்டுச் சொல்லித்தான்.

நீங்க பாத்துக்க வேண்டியது வேற. "அனுப்பிட்டேன்"னு ஸ்கிரீன்ஷாட் காட்டுனா நம்பாதீங்க, அதை யார் வேணா தயார் பண்ணலாம், உங்க பேங்க் ஆப்பைத் தொறந்து காசு வந்திருக்கான்னு பாத்துட்டு டப்பாவ நீட்டுங்க. அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கு, ராணுவ முகாம்லருந்து பேசறோம்னு பெரிய ஆர்டரா குடுத்துட்டு, "இந்தச் சாமானையும் இந்தக் கடைல வாங்கி வைங்க, சேத்துத் தந்துடறோம்"பாங்க. அந்தக் கடைக்காரனும் அவங்க ஆளுதான். இங்க நெறைய சாப்பாட்டுக்கடைக்காரங்க இப்படித்தான் ஏமாந்தாங்க. உங்க கையிலருந்து காசு போகணும்னு சொல்ற கஸ்டமர் கஸ்டமரே இல்ல, கட் பண்ணுங்க.

எனக்கு நெஜமா ஒதைக்கிறது அந்த 40,000 வெள்ளியும் ஒரே எடத்துல இருக்கறதுதான். வியாபாரத்துக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் தொறந்து (பேலன்ஸ் கொறஞ்சா மாசாமாசம் வெட்டாததா பாத்து) பேநவ் ஃபோன் நம்பரை அதுக்கு மாத்திடுங்க. பழைய அக்கவுண்ட்ல இருக்கற சேமிப்புக்கு 'மணி லாக்'னு பூட்டு போடுங்க. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூணு பேங்க்லயும் 2023 கடைசிலருந்து இருக்கு, பூட்டுன காசை ஆன்லைன்ல யாராலயும் அனுப்ப முடியாது, ஏன் உங்களாலயே முடியாது, நேர்ல போய்த்தான் தொறக்கணும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா தெனம் எடுக்கற காசா அது?

டிரான்ஸ்ஃபர் லிமிட்டையும் மாவு எண்ணெய் வாங்கற அளவுக்குக் கொறச்சு வைங்க, ஒரு வெள்ளி போனாலும் மெசேஜ் வர்ற மாதிரி அலர்ட்டையும் மாத்திடுங்க. சந்தேகமா எதாவது வந்தா மோசடி பத்திக் கேக்கற ஸ்கேம்ஷீல்ட் ஹெல்ப்லைன் 1799க்கு அடிச்சுக் கேக்கலாம். காசே போயிருந்தா அதுக்கெல்லாம் நிக்காதீங்க, மொதல்ல பேங்க்.