கம்ப்யூட்டர் அக்கா பதில்கள்: 8080-ஐ யார் மூடுவது?

அக்கா, எபேனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஹோட்டல்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். அவர்களுடைய புரோகிராம்கள் எங்கள் டாம்கேட் சர்வரில் (ஜாவா புரோகிராம்களை ஓட்டும் வெப் சர்வர்) ஓடும் சோப் சர்வீஸுக்கு (புரோகிராம்கள் எக்ஸ்எம்எல் செய்திகளில் பேசிக்கொள்ளும் முறை) பட்டியலை அனுப்பும். அமைப்புக் கோப்பான வெப் டாட் எக்ஸ்எம்எல்லில், மறையாக்கிய இணைப்பில்தான் வர வேண்டும் என்று சொல்லும் 'கான்ஃபிடென்ஷியல்' போட்டாயிற்று, பாதுகாப்பு வேலை முடிந்தது என்கிறார் மேலாளர். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் ஒரு ஹோட்டல் மட்டும், பதின்மூன்றாம் மாதச் சம்பளப் பட்டியலை அனுப்பினால் 302 என்று பிழை வருவதாகப் புகார் செய்கிறது. என்ன செய்யலாம்?
– கு. ச., ரோஸ் ஹில்

அந்த ஹோட்டலுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள் தம்பி. அவர்கள் புகார் செய்யாவிட்டால் உங்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

அவர்கள் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி முகவரிக்கு, 8080 போர்ட்டுக்கு (சர்வரின் ஒரு வாசல்) அனுப்புகிறார்கள். 'கான்ஃபிடென்ஷியல்' என்று எழுதியிருப்பதால் டாம்கேட் அதை ஏற்காமல், "எச்டிடிபிஎஸ் வழியாக வா" என்று 302 காட்டித் திருப்புகிறது. ஆனால் அந்தப் பதில் கிளம்பும்போது பட்டியல் முழுவதும் திறந்தபடியே கம்பியில் வந்துவிட்டது. ஊழியர் பெயர், வங்கிக் கணக்கு எண், சோப் தலைப்பில் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும். தபால் அட்டையில் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, "அடுத்த முறை உறையில் போட்டு அனுப்பு" என்று சொல்வதுபோலத்தான் இது. மனிதர் உலாவியில் பார்க்கும் பக்கத்துக்கு இந்தத் திருப்பிவிடுதல் போதும், ஏனென்றால் முதல் கோரிக்கையில் பெரும்பாலும் ரகசியம் இருக்காது. சோப் சர்வீஸில் முதல் கோரிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது.

ஆகவே 8080-ஐ வெளியே தெரியாமல் செய்யுங்கள். டாம்கேட்டின் சர்வர் டாட் எக்ஸ்எம்எல் கோப்பில் 8080-ஐத் திறந்து வைக்கும் கனெக்டரை எடுத்துவிடலாம். உள்ளே ஏதாவது அதை நம்பி ஓடினால், அட்ரஸ் என்ற இடத்தில் 127.0.0.1 (அதே கணினிக்குள் மட்டும்) கொடுங்கள். அப்புறம் சர்வீஸை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்ல ஹோட்டல்களுக்குக் கொடுத்த டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைத் திறந்து பாருங்கள். சர்வீஸ் முகவரி இன்னும் எச்டிடிபி என்றே இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து அங்கேயே டிஎல்எஸ்ஸை (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) முடித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. டாம்கேட்டுக்கு எல்லாமே எச்டிடிபியாகத் தெரிவதால், திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். கோரிக்கை வந்தது எச்டிடிபிஎஸ்ஸிலா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பை என்ஜின்எக்ஸ் அனுப்ப வேண்டும், டாம்கேட்டில் ரிமோட்ஐபிவால்வ் அதைப் படிக்க வேண்டும்.

'கான்ஃபிடென்ஷியல்' வரியை எடுக்க வேண்டாம், அது இருக்கட்டும். ஆனால் அதே பகுதியில் எச்டிடிபி-மெத்தட் என்று 'கெட்' (தகவலை வாங்கும் கோரிக்கை) மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கிருந்தோ நகலெடுத்த உதாரணங்களில் இது அடிக்கடி வரும். அப்படி எழுதினால் தகவலை அனுப்பும் கோரிக்கையான 'போஸ்ட்'டுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது, சோப் போவதோ போஸ்டில்தான். உங்களுக்கு 302 வருகிறது என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் உடனே போய்ப் பாருங்கள். மெத்தட் பெயரே எழுதாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்த ஹோட்டலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மேலாளர் முணுமுணுத்தால் நம் மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். மறையாக்கம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அந்தச் சட்டத்துக்குப் பொறுப்பானவருக்கு நடந்ததை எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.

எங்கள் சர்வீஸ் உலாவியில் பூட்டுக் குறியோடு அழகாகத் திறக்கிறது. ஜாவா கிளையண்டிலிருந்து கூப்பிட்டால் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்று சான்றிதழ்ப் பிழை. கூட வேலை செய்பவர் எல்லாச் சான்றிதழையும் நம்பும்படி நாலு வரி எழுதிச் சரி செய்துவிட்டார். விடலாமா?
– தே. ம., காத்ர் போர்ன்

விடக் கூடாது. அந்த நாலு வரியோடு ஓடும் கிளையண்ட், நடுவில் யார் வந்து நின்றாலும் கைகுலுக்கும். எனக்கு இந்த வகைக் கோடைப் பார்த்தாலே கோபம் வரும்.

கோளாறு அநேகமாக உங்கள் சர்வரில்தான். சான்றிதழோடு, அதை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்பவில்லை. உலாவிகள் அதைத் தாமாகத் தேடி எடுத்தோ, முன்பே வைத்திருந்ததைக் கொண்டோ சமாளிக்கும். ஜாவா இயல்பாக அப்படித் தேடாது. சர்வரின் சான்றிதழ்க் கோப்பான கீஸ்டோரில் முழுச் சங்கிலியையும் ஏற்றுங்கள், கிளையண்டில் எதையும் தொட வேண்டாம். நிறுவனத்துக்குள்ளேயே உருவாக்கிய சான்றிதழ் என்றால் கதை வேறு. அப்போது அந்த மூலச் சான்றிதழைத் தனி டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சான்றிதழ்களின் கோப்பு) வைத்து அந்தப் புரோகிராமுக்கு மட்டும் காட்டுங்கள். ஜாவாவோடு வரும் சிஏசெர்ட்ஸ் கோப்பில் திணித்தால் அடுத்த ஜாவா புதுப்பிப்பில் காணாமல் போகும்.

சர்வரில் ஜாவாவைப் புதுப்பித்ததும் ஒரு பழைய ஜாவா 7 கிளையண்ட் இணைய மறுக்கிறது. டிஎல்எஸ் 1.0-ஐத் திரும்பத் திறந்துவிடலாமா?
– ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

வேண்டாம். 2021-இல் அதையும் 1.1-ஐயும் கைவிடச் சொல்லி ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் வந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் ஜாவாவும் இரண்டையும் அணைத்தது. ஜாவா 7-க்கு 1.2 தெரியும், கிளையண்டாக ஓடும்போது கேட்டால்தான் பேசும். தொடங்கும்போது 'எச்டிடிபிஎஸ் டாட் புரோட்டோகால்ஸ்' என்ற அமைப்பில் 1.2 என்று கொடுத்துப் பாருங்கள். ஜாவாவின் சொந்த எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பயன்படுத்தும் புரோகிராம் என்றால் அதுவே போதும். ஜாவா 7-ஐயே எப்போது விடப்போகிறீர்கள் என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பூசக் காவடி விடுமுறையன்று எங்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்திருந்தும் ஏன்?
– ரா. வே., வாக்வா

கோப்பு புதிதாகியிருக்கும். டாம்கேட் தொடங்கும்போது படித்த பழையதையே நினைவில் வைத்திருக்கும். புதுப்பித்த கையோடு டாம்கேட்டின் மேனேஜர் புரோகிராம் வழியாக 'எஸ்எஸ்எல் ரீலோட்' கொடுங்கள், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. இனி இது அடிக்கடி வரும் வேலை. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47. காலாவதித் தேதியைக் கண்காணிக்க எழுதும் ஸ்கிரிப்ட், வட்டில் உள்ள கோப்பைப் பார்க்காமல் 8443 என்ற எச்டிடிபிஎஸ் போர்ட்டில் இணைந்து சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழின் தேதியைப் படிக்கட்டும். ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையண்ட் கட்டளை அதற்குப் போதும்.